எச்.பி.வி. ‘பாசிட்டிவ்’ வந்த பின்: காத்திருப்பதா, கால்போஸ்கோபியா, உடனே சிகிச்சையா?

கருப்பைவாயில் எடுத்த மாதிரியின் அறிக்கை கைக்கு வருகிறது. ‘எச்.பி.வி. பாசிட்டிவ், செல்களில் மாற்றம் இல்லை’ என்று அதில் ஒரு வரி இருக்கிறது. எச்.பி.வி. என்பது உடலுறவால் பரவும், கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடிய வைரஸ். அந்த வரியைப் படித்த பெண்கள் எழுதிக் கேட்பது பெரும்பாலும் ஒன்றைத்தான்: இது தானாகப் போய்விடுமா? ஒரு மருத்துவர் ஓராண்டு கழித்து வரச் சொல்கிறார்; இன்னொருவர் கருப்பைவாயை உருப்பெருக்கியால் பார்க்கும் கால்போஸ்கோபி சோதனைக்கு அடுத்த வாரமே நாள் குறிக்கிறார்; மூன்றாமவர், அந்த இடத்தை இப்போதே சுட்டு அகற்றிவிடலாம் என்கிறார். மூவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம். அவர்கள் ஒவ்வொருவரும் வெவ்வேறு நிலையிலுள்ள பெண்ணை மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள்; தான் அவர்களில் யார் என்பதைத்தான் கேட்பவர் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

முதல் கேள்விக்கு நேரடியான விடை உண்டு. பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே போய்விடும். புதிதாகத் தொற்றிய எச்.பி.வி. ஏறத்தாழ 10 பேரில் 9 பேருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் சோதனையில் தென்படாத அளவுக்கு மறைந்துவிடுகிறது. அவர்களில் பெரும்பகுதியினருக்கு முதல் ஆண்டிலேயே அது நடந்துவிடுகிறது. இந்த வைரஸ் இரத்தத்தில் கலப்பதில்லை, தான் குடியேறிய செல்லை உடைத்துக்கொண்டு வெளியே வருவதுமில்லை. மேல்தோல் செல்கள் முதிர்ந்து உதிரும்போது அவற்றோடு சேர்ந்தே வெளியேறுகிறது. ஆகவே உடலின் காவல் அணுக்கள் அதைக் கண்டுகொள்ளவே மாதக்கணக்கில் ஆகிறது. கண்டுகொண்ட பின் பெரும்பாலும் வெற்றி உடலுக்குத்தான். மீதமுள்ள சிறு பகுதியினரிடம் வைரஸ் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகிறது. அதன் இ6, இ7 என்னும் இரண்டு புரதங்கள் செல்லின் பெருக்கத்துக்குக் கடிவாளமாக உள்ள பி53, ஆர்.பி. ஆகிய புரதங்களை முடக்கிவிடுவதால், அந்தச் செல்கள் படிப்படியாக முன்புற்று நிலைக்கு, அதாவது புற்றுநோய்க்கு முந்தைய நிலைக்கு, செல்லக்கூடும். வழக்கமான நோயெதிர்ப்பு ஆற்றல் உள்ள பெண்ணுக்கு இந்தப் பயணம் புற்றுநோயில் முடிய 15 முதல் 20 ஆண்டுகள் வரை ஆகும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நோயெதிர்ப்பு குன்றியவர்களுக்கு அது 5 முதல் 10 ஆண்டுகளாகச் சுருங்கிவிடலாம்.

‘மறைந்துவிட்டது’ என்பதற்கு ‘அழிந்துவிட்டது’ என்று பொருள் கொள்ள முடியாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சோதனையில் தென்படாத வைரஸ், அடித்தோல் செல்களில் மிகச் சிறிய அளவில் உறங்கிக் கிடந்து, பல ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் தலைகாட்டுவதும் உண்டு.

## எவற்றை வைத்து முடிவெடுப்பது

முதல் அளவுகோல் வைரஸின் வகை. எச்.பி.வி.யில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் இருப்பினும், புற்றுநோயோடு உறுதியாகத் தொடர்புடையவை ஒரு டஜன் சொச்சம்தான். அவற்றிலும் 16, 18 என்னும் இரண்டு வகைகளே உலகில் கருப்பைவாய்ப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்குக் காரணம். பிறப்புறுப்பு மருக்களை உண்டாக்கும் 6, 11 ஆகியவை புற்றுநோய்க் கணக்கில் வருவதில்லை. மருவுக்கான முடிவு முற்றிலும் வேறு என்பதால் இக்கட்டுரை அதைத் தொடவில்லை.

இரண்டாவது, தொற்று எவ்வளவு காலமாக இருக்கிறது என்பது. ஒரே ஒரு சோதனை இதைச் சொல்லாது. ஓராண்டு இடைவெளியில் அதே வகை இரண்டு முறை தென்பட்டால் அது தங்கிவிட்ட தொற்று என்று கருத இடமுண்டு. வயதும் இதோடு பின்னிக்கிடக்கிறது. இருபதுகளில் தொற்று வருவதும் போவதுமாக இருக்கும் என்பதால்தான் 30 வயதுக்குக் கீழே இச்சோதனையைப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை.

மூன்றாவது, செல்களிலோ திசுவிலோ ஏற்கெனவே மாற்றம் உள்ளதா என்பது. நான்காவது நோயெதிர்ப்பு ஆற்றல்: எச்.ஐ.வி. தொற்று, உறுப்பு மாற்றத்துக்குப் பின் உண்ணும் மருந்துகள், புகைப்பழக்கம் ஆகியவை வைரஸ் தங்குவதற்குத் துணைபோகின்றன. ஐந்தாவது, இனிப் பிள்ளை பெறும் எண்ணம் உண்டா என்பது.

ஆறாவதை மருத்துவ நூல்கள் அடிக்குறிப்பில்தான் சொல்கின்றன. நான் அதை முதல் வரிசையில் வைப்பேன். குறித்த நாளில் அந்தப் பெண்ணால் மீண்டும் வர முடியுமா? நாள்கூலியை விட்டுவிட்டு, பேருந்து மாறி, வீட்டில் காரணம் சொல்லி வர வேண்டியவருக்கும், அலுவலகத்துக்கு எதிரேயே மருத்துவமனை இருப்பவருக்கும் ஒரே அறிவுரை பொருந்தாது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் வாழ்நாளில் ஒரு முறையேனும் கருப்பைவாய்ச் சோதனை செய்துகொண்டவர்கள் 10 விழுக்காட்டினரைக்கூட எட்டவில்லை. முதல் முறை வருவதே இவ்வளவு அரிதாக இருக்கும்போது, இரண்டாம் முறையை உறுதியென்று எடுத்துக்கொண்டு திட்டமிடுவது பிசகாகவே முடியும்.

## வழி ஒன்று: காத்திருந்து மீண்டும் சோதித்தல்

16, 18 அல்லாத வகை, இயல்பான செல்கள், குறையாத நோயெதிர்ப்பு ஆற்றல் ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால், காத்திருப்பதே சிறந்த வழி. அமெரிக்க வழிகாட்டுதல்கள் 12 மாதங்கள் கழித்து மறுசோதனை செய்யச் சொல்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல், பாசிட்டிவ் வந்தபின் செய்யும் இரண்டாம் கட்டச் சோதனையில் குறை தென்படாத பெண்ணுக்கு 24 மாத இடைவெளியைப் போதுமென்று ஏற்கிறது. இடைப்பட்ட காலத்தில் செய்ய வேண்டிய சிகிச்சை ஏதுமில்லை. அந்த வைரஸைக் கொல்லும் மருந்து இன்றுவரை இல்லை என்பதால், காத்திருப்பவர் எந்த மருந்தையும் இழந்துவிடவில்லை.

கருப்பைவாய் மேல்தோலில் ஏற்படும் செல் மாற்றத்தைத் திசுச் சோதனையில் சி.ஐ.என். 1, 2, 3 என்று மூன்று படிகளாகப் பிரிப்பார்கள். மிக லேசான ‘சி.ஐ.என். 1’ என்று வந்தாலும் பெரும்பாலும் இதுவே வழி; அது தொற்றின் அடையாளமே தவிர, முன்புற்று என்று இன்று யாரும் அதைக் கருதுவதில்லை. ‘சி.ஐ.என். 2’ இடைநிலையில் நிற்கிறது. 2018-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, சிகிச்சையின்றிக் கண்காணிக்கப்பட்ட சி.ஐ.என். 2 மாற்றங்களில் பாதி இரண்டு ஆண்டுகளில் தாமாகவே பின்வாங்கின. ஏறத்தாழ 18 விழுக்காடு அடுத்த நிலைக்கு முன்னேறின. மற்றவை அப்படியே நின்றன. 30 வயதுக்குட்பட்டவர்களில் பின்வாங்கியவை 60 விழுக்காடு. இளம் வயது, பிள்ளை வேண்டும் என்ற எண்ணம், ஆறு மாதத்துக்கு ஒரு முறை கால்போஸ்கோபிக்கு வரும் வசதி ஆகியவை உள்ள பெண்ணுக்கு இங்கேயும் காத்திருத்தல் நியாயமான தேர்வுதான்.

இந்த வழியின் மறைவான செலவுகளில் முதலாவது மனத்தைச் சார்ந்தது. ‘புற்றுநோய் வைரஸ்’ என்ற சொல்லை மடியில் கட்டிக்கொண்டு 365 நாள் நடப்பது எல்லோருக்கும் இயலாது. இரண்டாவது செலவு இதற்கு நேரெதிரானது: பயம் தணிந்து, தேதி மறந்து, காத்திருத்தல் கைவிடுதலாக மாறிவிடுவது. அப்படிக் கைவிட்டால் எங்கே போய் முடியும் என்பதற்கு மருத்துவ வரலாற்றில் மறக்க முடியாத சான்று ஒன்று நியூசிலாந்தில் இருக்கிறது.

ஆக்லாந்து நகரின் தேசிய மகளிர் மருத்துவமனையில் ஹெர்பர்ட் கிரீன் என்ற மகப்பேறு மருத்துவர், இன்று சி.ஐ.என். 3 என்று அழைக்கப்படும் மாற்றம் புற்றுநோயாக மாறாது என்று நம்பினார். அதைக் காட்டுவதற்காக 1966 முதல் ஒரு பகுதிப் பெண்களுக்கு முழுச் சிகிச்சை அளிக்காமல், சிறு திசுத்துண்டு எடுத்துப் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டார். தாங்கள் ஓர் ஆய்வுக்கு உள்ளாகியிருப்பது அப்பெண்களுக்குத் தெரியாது. 1987-இல் சில்வியா கார்ட்ரைட் தலைமையில் அரசு விசாரணை அமைக்கப்பட்டு, அடுத்த ஆண்டு அறிக்கை வெளிவந்தது. பின்னாளில் அந்தப் பழைய பதிவேடுகளை மீண்டும் ஆராய்ந்து 2008-இல் வெளியிட்ட கணக்கின்படி, போதிய சிகிச்சை பெறாதவர்களில் 30 ஆண்டுகளுக்குள் புற்றுநோய் கண்டவர்கள் 31 விழுக்காட்டினர். இரண்டு ஆண்டுகள் கழித்தும் மாற்றம் நீடித்தவர்களை மட்டும் பார்த்தால் அது 50 விழுக்காடு. முறையாகச் சிகிச்சை பெற்றவர்களிடமோ 0.7 விழுக்காடுதான். சி.ஐ.என். 3 கண்டபின் காத்திருக்கக் கூடாது என்று இன்று உறுதியாகச் சொல்ல முடிவதற்கு அப்பெண்கள் கொடுத்த விலை இது. அதே எண்களை இன்னொரு பக்கத்திலிருந்தும் படிக்கலாம்: அந்தக் கட்டத்திலும்கூட எல்லோருக்கும் புற்றுநோய் வந்துவிடவில்லை. ஆனால் யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லும் வழி இல்லாதபோது அந்த ஆறுதலால் பயனில்லை.

## வழி இரண்டு: உடனே கால்போஸ்கோபி

கால்போஸ்கோபி என்பது உருப்பெருக்கிக் கருவியால் கருப்பைவாயைப் பார்த்து, 3 முதல் 5 விழுக்காடு அசிட்டிக் அமிலம் தடவி, வெளுக்கும் இடத்திலிருந்து பயாப்ஸிக்குச் சிறு துண்டு எடுக்கும் சோதனை. கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். மயக்க மருந்து தேவையில்லை. இரண்டு மூன்று நாள் சிறிது இரத்தக் கசிவு இருக்கலாம். 16 அல்லது 18 வகை இருந்தால், செல்கள் இயல்பாக இருப்பினும் காத்திருக்காமல் இதைச் செய்துகொள்வது நல்லது. ஓராண்டு கழித்தும் தொற்று நீடிப்பவர்களுக்கும், செல் சோதனையில் மாற்றம் தென்பட்டவர்களுக்கும் இதுவே அடுத்த படி.

இதன் சிறப்பு, ஊகத்துக்கு முற்றுப்புள்ளி வைப்பது: திசுவில் என்ன இருக்கிறது என்பது தெரிந்துவிடும். இதன் குறையும் அங்கேதான் இருக்கிறது. பார்ப்பவரின் பயிற்சியைப் பொறுத்தே முடிவு அமைகிறது. ஒரே இடத்தில் மட்டும் துண்டு எடுத்தால் மோசமான இடம் தப்பிவிடக்கூடும் என்பதால், சந்தேகமுள்ள இரண்டு மூன்று இடங்களில் எடுப்பதே இன்றைய நல்ல வழக்கம். மாதவிடாய் நின்றவர்களிடம் பார்க்க வேண்டிய பகுதி கருப்பைவாய்க் குழலுக்குள் ஏறிவிடுவதால், வெளியே தெளிவாகத் தெரிவதை வைத்து நிம்மதி அடைய முடியாது. வசதியுள்ள மையங்கள் பெரும்பாலும் நகரங்களிலேயே இருப்பதால் பயணச் செலவும் விடுப்பும் சேரும். பயாப்ஸி முடிவைக் கேட்க இன்னொரு முறை வர வேண்டும். இவ்வளவும் கடந்த பின் ‘ஒன்றுமில்லை’ என்ற விடையே பலருக்குக் கிடைக்கும். அதை வீண் செலவு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் குறைந்த ஆபத்துள்ள வகையும் இயல்பான செல்களும் உள்ள 31 வயதுப் பெண்ணை முதல் வாரமே இதற்கு அனுப்புவது, பெரும்பாலும் மருத்துவரின் பதற்றத்துக்கான மருந்தாகவே முடிகிறது.

## வழி மூன்று: உடனே சிகிச்சை

வைரஸுக்கு மருந்து இல்லை என்றால் எதற்குச் சிகிச்சை என்று கேட்கலாம். வைரஸ் குடியிருக்கும் திசுப்பகுதியை, அது பெரும்பாலும் புற்று தொடங்கும் இடமும் ஆதலால், அழிப்பதோ வெட்டியெடுப்பதோதான் இங்கே சிகிச்சை எனப்படுகிறது. அழிப்பதற்கு இரண்டு முறைகள் உண்டு. கிரையோதெரபியில் மூன்று நிமிடம் உறையவைத்து, ஐந்து நிமிடம் இளகவிட்டு, மீண்டும் மூன்று நிமிடம் உறையவைப்பார்கள். வெப்பச் சிகிச்சையில் 100 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றிய முனையை அரை நிமிடம் போல வைத்து எடுப்பார்கள். வாயு உருளை தேவைப்படாத கையடக்கக் கருவி என்பதால் இரண்டாவது முறை இப்போது பரவலாகிவருகிறது. வெட்டியெடுக்கும் ‘லீப்’ முறையில் மின்கம்பி வளையத்தால் திசு அகற்றப்பட்டு ஆய்வுக்கும் அனுப்பப்படுகிறது.

அறிக்கை, மறுவருகை, பயாப்ஸி என்ற நீண்ட சங்கிலியில் எந்தக் கண்ணி வேண்டுமானாலும் அறுந்துபோகக்கூடிய இடங்களில் இந்த வழியின் வலிமை தெரியும். திண்டுக்கல் மாவட்டத்தில் அம்பிளிக்கையை மையமாகக் கொண்டு 2000-இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்த்து, குறை தென்பட்டால் கால்போஸ்கோபியும், பொருத்தமானவர்களுக்கு கிரையோதெரபியும் அதே வருகையிலேயே செய்தார்கள். 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களிடம் ஒரே ஒரு சுற்றில் செய்த இந்தச் சோதனையால், கருப்பைவாய்ப் புற்றுநோய் 25 விழுக்காடும் அதனால் நேரும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்ததாக 2007-இல் முடிவு வெளியானது. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் நடந்து 2009-இல் வெளியான ஆய்வில், ஒரே முறை எச்.பி.வி. சோதனை செய்து தேவையானவர்களுக்குச் சிகிச்சை அளித்ததால் இறப்பு ஏறத்தாழ பாதியாயிற்று. ‘எச்.பி.வி. பாசிட்டிவ் என்றால் நேரே சிகிச்சை’ என்பதையும் உலக சுகாதார நிறுவனம் ஏற்புடைய வழிகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறது, எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மட்டும் இடையில் இன்னொரு சோதனை வேண்டும் என்கிறது.

இதன் விலை, தேவையற்ற சிகிச்சை. தானாகப் போயிருக்கக்கூடிய தொற்றுள்ள பலருக்கும் சேர்த்தே சூடு வைக்கப்படுகிறது. சில வாரங்கள் நீர்போன்ற வெள்ளைப்படுதல் இருக்கும். நான்கு முதல் ஆறு வாரம் உடலுறவைத் தவிர்க்க வேண்டும். இதை வீட்டில் எப்படிச் சொல்வது என்பதே சில பெண்களுக்குச் சிகிச்சையைவிடப் பெரிய சிக்கல். புற்றுநோய் என்ற சந்தேகம் இருந்தாலோ, மாற்றம் குழலுக்குள் சென்றிருந்தாலோ, வெளிப்பரப்பில் முக்கால் பங்குக்கு மேல் பரவியிருந்தாலோ அழிக்கும் முறைகள் ஆகா. வெட்டியெடுக்கும் முறையில் ஆழம் கூடக்கூடப் பின்னாளில் குறைமாதப் பிரசவத்துக்கான வாய்ப்பும் கூடுகிறது. பிள்ளை பெற விரும்பும் பெண் ‘எவ்வளவு ஆழம் எடுப்பீர்கள்?’ என்று கேட்டுக்கொள்வதில் தவறில்லை. சிகிச்சை முடிந்தாலும் மறுசோதனை போய்விடாது. 12 மாதத்தில் மீண்டும் பார்த்தாக வேண்டும்.

## விற்கப்படும் நான்காவது வழி

நோயெதிர்ப்பு ஆற்றலைக் கூட்டி எச்.பி.வி.யை விரட்டுவதாகச் சொல்லி விற்கப்படும் மாத்திரைகளும் பொடிகளும் நிறைய. இரண்டு ஆண்டுகளில் 10 பேரில் 9 பேருக்குத் தானாகவே மறையும் ஒன்றுக்கு எதைக் கொடுத்தாலும் அது குணமாக்கியதுபோலவே தெரியும்; இந்த வணிகத்தின் முதலீடே அதுதான். தடுப்பூசியின் கதை வேறு. அது உண்மையான, சிறந்த தடுப்பு. ஆனால் ஏற்கெனவே உள்ள தொற்றை அது விரட்டாது என்பதைக் கோஸ்டா ரிகாவில் நடந்து 2007-இல் வெளியான ஆய்வு காட்டிவிட்டது. போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் தொற்று மறைந்த வேகம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது.

## அறிக்கையை வைத்துப் பார்த்தால்

| நிலை | பெரும்பாலும் ஏற்ற வழி |
|---|---|
| 16, 18 அல்லாத வகை. செல்கள் இயல்பு | 12 மாதத்தில் மறுசோதனை |
| 16 அல்லது 18 வகை | கால்போஸ்கோபி |
| ஓராண்டுக்குப் பின்னும் பாசிட்டிவ் | கால்போஸ்கோபி |
| சி.ஐ.என். 1 | பெரும்பாலும் காத்திருத்தல் |
| சி.ஐ.என். 2, பிள்ளை பெறும் எண்ணம் உண்டு | ஆறு மாத இடைவெளியில் கண்காணிப்பு, இயலாவிட்டால் சிகிச்சை |
| சி.ஐ.என். 3 | சிகிச்சை |
| சி.ஐ.என். 3, கர்ப்பிணி, புற்றுநோய்ச் சந்தேகம் இல்லை | கண்காணிப்பு, பிரசவத்துக்குப் பின் சிகிச்சை |
| பாசிட்டிவ், மீண்டும் வர இயலாது | தகுதி இருந்தால் அன்றே வெப்பச் சிகிச்சை அல்லது கிரையோதெரபி |
| எச்.ஐ.வி. உள்ளவர் | இரண்டாம் கட்டச் சோதனை. குறை இல்லையெனில் 12 மாதத்தில் மறுசோதனை |

உடலுறவுக்குப் பின் இரத்தம், மாதவிடாய் நின்ற பின் இரத்தம், துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் ஆகியவை இருந்தால் இந்தப் பட்டியல் பொருந்தாது. அவை நோய்க்குறிகள், எச்.பி.வி. அறிக்கை என்ன சொன்னாலும் உடனே நேரில் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

மறுசோதனைக்கு வருவதே சிரமம் என்பவர்கள், மாதிரியைத் தாமே எடுத்துக்கொள்ளும் வசதி உண்டா என்று கேட்கலாம். பஞ்சுக்குச்சி போன்ற ஒன்றால் பெண்ணே எடுக்கும் மாதிரியை எச்.பி.வி. சோதனைக்கு உலக சுகாதார நிறுவனம் ஏற்கிறது.

## கணவரிடம் சொல்வதா

காத்திருக்கும் ஓராண்டில் மிகுதியாக வரும் கேள்வி இதுதான். ‘யாரிடமிருந்து வந்தது?’ என்று கேட்டால் அறிக்கையில் விடை இருக்காது. திருமணத்துக்கு முன்போ பல ஆண்டுகளுக்கு முன்போ இருவரில் எவருக்கேனும் தொற்றி, உறங்கிக் கிடந்து, இப்போது தலைதூக்கியிருக்கலாம். ஆகவே பாசிட்டிவ் முடிவைத் துரோகத்துக்குச் சான்றாகக் கொள்ள முடியாது. இதை மருத்துவரே இருவரையும் உட்காரவைத்துச் சொன்னால் பல வீடுகளில் பாதிச் சண்டை குறையும். கணவரைச் சோதனைக்கு அனுப்புவதிலும் பயனில்லை. ஆண்களுக்கென்று ஏற்கப்பட்ட எச்.பி.வி. சோதனை நடைமுறையில் இல்லை. அவரால் செய்ய முடிந்த ஒன்று இருக்கிறது. ஆணுறை இந்த வைரஸை முழுமையாகத் தடுக்காது என்றாலும், நெதர்லாந்தில் நடந்து 2003-இல் வெளியான ஆய்வில், இணையர் ஆணுறை பயன்படுத்திய பெண்களிடம் தொற்று மறைவதும் செல் மாற்றம் பின்வாங்குவதும் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. மறுசோதனைத் தேதி வரும் வரை அதைப் பயன்படுத்துவது இருவருக்கும் பெரிய சுமையாக இராது.